சண்முகம் உயிரோடு இருக்கிறாரா?

சண்முகம் என்பவர் உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் அவருடைய முகவரி கிடைக்குமா என்று கேட்டு கலிபோர்னியாவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது ஒரு ஹெர்பேரியம். செடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, மூலையில் ஒரு லேபிளோடு காலகாலத்துக்கும் பாதுகாக்கிற இடம். எங்கள் பக்கத்து மலையில் பறித்த சில செடிகள் அவர்களிடம் இருக்கின்றன. பறித்தவர்கள் என்று லேபிளில் இரண்டு பெயர். முதல் பெயர் என் பேராசிரியருடையது. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆயிற்று. இரண்டாவது பெயர் எஸ். சண்முகம். இந்த ஆளைப் பற்றி எங்கு தேடியும் ஒரு வரி கிடைக்கவில்லை, அதே கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று ரொம்பவும் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

தெரியாமல் என்ன? சண்முகம் நான்தான். என் பெயர் சண்முகவடிவு.

அந்த மலையில் ஒரு ஓடைக்கு மேலே பெண்கள் போகக்கூடாது என்பது வழக்கம். யார் போட்ட வழக்கம் என்று கேட்டால் ஆளுக்கொரு சாமியைக் கைகாட்டுவார்கள். நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எனக்கு வேண்டிய செடிகள் எல்லாம் ஓடைக்கு மேலேதான் இருந்தன. பேராசிரியர் யோசித்தார். "உன் தம்பி சட்டை பேண்ட்டைப் போட்டுக்கிட்டு வந்துரு. வாயை மட்டும் தொறக்காதே" என்றார்.

முடியை வெட்டினால் அம்மா என்னையே வெட்டியிருப்பாள். அதனால் கொண்டையைத் துண்டுக்குள் சுருட்டிக் கட்டினேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மார்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். பதினோரு நாள். இருட்டு பிரியுமுன் ஒதுங்கிவிட்டு வர வேண்டும், அப்புறம் பொழுது சாயும்வரை அடக்க வேண்டும். மாதவிலக்கும் அந்த வாரம் பார்த்துத்தான் வந்தது. பறித்த செடிகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து, பலகைகளுக்கு நடுவே இறுக்கி, தினமும் தாள் மாற்றி, அந்தச் சுமையைத் தோளில் தூக்கி நடந்ததும் நான்தான். வனத்துறை முகாம் பதிவேட்டில் பேராசிரியர் என் பெயரில் பாதியை மட்டும் எழுதச் சொன்னார். கீழே இறங்கிய பிறகாவது முழுப்பெயரைப் போடலாமே என்றேன். "முகாம்ல ஒண்ணு, லேபிள்ல ஒண்ணுன்னா மாட்டிக்குவோம். பேர்ல என்னம்மா இருக்கு, செடிதான் முக்கியம்" என்றார். அவர் பெயர் மட்டும் இனிஷியல், பட்டம் சகிதம் முதலில் இருந்தது.

மின்னஞ்சலுக்கு நான் பதில் போடவில்லை. டிக்கெட் போட்டேன்.

முதல் பத்து நாள் நியூ ஜெர்சியில் தம்பி சங்கர் வீட்டில். ஊர் மான்மவுத் ஜங்ஷன். ஜங்ஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, இறங்கி ஒரு டீ குடிக்க வழியில்லை. மணியாச்சி ஜங்ஷனில் இறங்கினால் ஆறிப்போன வடையாவது கிடைக்கும். சங்கரின் மனைவி சுதா ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பாத்திரம் நிறைய சாம்பார் வைத்துவிடுவாள். அது வியாழக்கிழமை வரை வரும். செவ்வாய்க்கிழமை சாம்பாருக்கு ருசி கூடும் என்று சங்கர் என்னிடம் சத்தியம் பண்ணினான். மனுஷன் எதற்கும் பழகிவிடுகிறான்.

நான் போயிருந்த வாரம் அங்கே தமிழ்ச்சங்கத்தில் மகளிர் தின விழா. மகளிர் தினம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஹால் கிடைத்த சனிக்கிழமைதான் அங்கே பண்டிகை, பொங்கலையே பிப்ரவரியில் கொண்டாடுகிறவர்கள். 'உலகின் முன்னோடிப் பெண்கள்' என்று ஒரு நாடகம். சுதாதான் எழுதி இயக்குகிறாள். முன்னோடிகளின் பட்டியலில் ஒரு பிரெஞ்சுக்காரி இருந்தாள். எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது, ஏனென்றால் அவளை எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் வருடா வருடம் அவள் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் கப்பலில் பெண் ஏறக்கூடாது என்ற சட்டம் இருந்தபோது, மார்பில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஆண் உடையில், ஒரு தாவரவியலாளரின் வேலைக்காரன் என்று சொல்லி ஏறியவள் அவள். மலைமலையாக ஏறிச் செடி பறித்தவள். உலகத்தைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது யாரும் சொல்லவில்லை. பெயர் வாயில் நுழையாது என்பதால் சுதா ஸ்கிரிப்டில் 'பிரெஞ்சு வீராங்கனை' என்றே போட்டிருந்தாள்.

ஒத்திகைக்கு என்னையும் கூட்டிப்போனாள். யாரோ ஒருவர் வீட்டு பேஸ்மெண்ட். மற்ற முன்னோடிகள் எல்லாம் பட்டுப்புடவையில் நின்றார்கள். பிரெஞ்சு வீராங்கனை தாடியோடு நின்றாள். பார்த்தால் கார்த்திக் என்று ஒரு ஆள், ஈரோட்டுக்காரர், ஐ.டி.யில் வேலை.

"இது யாரு?" என்றேன்.

"ஆம்பள வேஷம்தானே மதினி. லேடீஸ் யாரும் பேண்ட் போட்டு நடிக்க மாட்டேன்னுட்டாங்க. எல்லாரும் சேலைக்கு மேட்சிங்கா நகை ஆர்டர் பண்ணிட்டாங்க. அதான் கார்த்திக்க ரிக்வெஸ்ட் பண்ணினோம்" என்றாள் சுதா.

கார்த்திக் பாவம், அவருக்கு ஒரே கவலைதான். "ஆண்ட்டி, கடைசி சீன்ல தொப்பியக் கழட்டி, 'நானும் ஒரு பெண்'னு சொல்லணும். அதுக்கு வாய்ஸ எப்படி மாடுலேட் பண்றது?"

"நீங்க மாடுலேட்டும் பண்ண வேண்டாம், கழட்டவும் வேண்டாம்" என்று கத்திவிட்டேன். ஆணாக நடித்த ஒரு பெண்ணை மகளிர் தினத்தில்கூட ஒரு ஆண்தான் நடிக்க வேண்டும்! இதைச் சொன்னதும் சுதாவின் முகம் தொங்கிவிட்டது. "ஹால் புக் பண்ணி, ஃப்ளையர் எல்லாம் போட்டாச்சு மதினி" என்றாள். ஃப்ளையரில் வந்துவிட்டால் அப்புறம் பிரம்மாவாலும் மாற்ற முடியாது.

விழாவில் கார்த்திக்குக்குக் கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பிறகு, "நம்ம சங்கர் அண்ணாவோட அக்கா இந்தியாலேர்ந்து விசிட்டுக்கு வந்திருக்காங்க, ரெண்டு நிமிஷம் பேசுவாங்க" என்று அறிவித்தார்கள். முப்பது வருடம் தாவரவியல் போதித்தவள் அக்காவாக மேடையேறினேன். ரெண்டு நிமிஷமா? பதினைந்து நிமிடம் பேசினேன். சண்முகத்தின் கதையைச் சொன்னேன். மாதவிலக்கைச் சொன்னபோது முன்வரிசையில் ஒருவர் குனிந்து போனைப் பார்த்தார். முடிந்ததும் ஒரு அங்கிள் வந்து, "கிரேட் மேடம், உங்க ஹஸ்பண்ட் ரொம்ப சப்போர்ட்டிவ்போல" என்றார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றேன். அவர் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

காரில் திரும்பும்போது சங்கர், "நீலக்கோடு போட்ட சட்டையா அக்கா? அத எலி கடிச்சிட்டுன்னு சொன்னியே" என்றான். அட்டை கடித்த ரத்தக்கறை போகவில்லை, அதனால் எரித்துவிட்டேன் என்றேன். இத்தனை வருடம் கழித்து அவனுக்குச் சட்டைக் கவலை.

அடுத்து கலிபோர்னியா போக வேண்டியவளை நடுவழியில் டெக்சாஸில் இறக்கிவிட்டார்கள். புயல். இன்றைக்கு விமானம் கிடையாது என்று சொன்ன பெண் ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், அதற்கு ஒரு அறை வைக்கலாம்போல இருந்தது. பெட்டி எங்கே என்று கேட்டால் பெட்டி முன்னாலேயே கலிபோர்னியா போய்விட்டதாம். புயல் எனக்கு மட்டும்தான்போல. நல்லவேளை, மலையில் நான் எழுதிய களக்குறிப்பு நோட்டைக் கைப்பையில் வைத்திருந்தேன். நான்தான் சண்முகம் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

டெக்சாஸிலேயே ஃபிரிஸ்கோ என்ற ஊரில் சுதாவின் தம்பி முரளி வீட்டில் ஒரு நாள் தங்கினேன். மழை விட்டு வானம் வெளுத்ததும் நடக்கலாமென்று கிளம்பினேன். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி புல், கண்ணுக்கெட்டியவரை ஒரு மனுஷ ஜாதி கிடையாது. ஒரு கார் பக்கத்தில் வந்து நின்றது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, வழி தவறிவிட்டீர்களா, உதவி வேண்டுமா என்று கேட்டாள். நடக்கிறேன் என்றேன். எங்கே என்றாள். சும்மா என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. புலியும் யானையும் இருக்கிற காட்டில் பதினோரு நாள் நடந்தவளை ஒரு தெருவில் பத்து நிமிடம் நடக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

மாலையில் முரளி அனுமார் கோயிலுக்கு அழைத்துப்போனான். நல்ல கோயில், நல்ல கூட்டம், வெண்பொங்கல் எங்கள் ஊர்ப் பொங்கல்போலவே இருந்தது. சாப்பிட்டதில் கோபம் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் வெயில் ஏறியபோது விமானமும் ஏறியது.

கலிபோர்னியாவில் என்னை அழைத்துப்போக வந்தவள் பர்வீன். என் பழைய மாணவி. மேலப்பாளையத்துப் பெண். எம்.எஸ்ஸி. தாவரவியல் என்னிடம் படித்தாள், இப்போது மில்பிடாஸில் சிப் தயாரிக்கிற கம்பெனியில் டெஸ்டிங் வேலை. முன்னாலேயே வந்து சேர்ந்த என் பெட்டியையும் எடுத்துவைத்துக் காத்திருந்தாள். "என்ன மேடம், இப்படி இளைச்சிட்டீங்க" என்று கட்டிக்கொண்டாள். நான் இளைக்கவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

எனக்காகச் சொதி வைத்திருந்தாள். டப்பாவில் வருகிற தேங்காய்ப்பால்தான், ஆனால் இஞ்சித் துவையலோடு கல்யாணவீட்டு மறுநாள் சாப்பாட்டை அப்படியே கொண்டுவந்துவிட்டாள். "உங்களுக்காகப் பாத்திரம் எல்லாம் புதுசா வாங்கினேன் மேடம், கறி படாதது" என்றாள். அதெல்லாம் நான் பார்க்க மாட்டேன் என்றேன். "அது எனக்குத் தெரியும். உங்க மனசு திருப்தியா இருக்கணும்லா" என்றாள்.

அவள் தெருவில் வீட்டுக்கு வீடு காகிதப்பூ. நம் ஊரில் வேலியில் தானாக வளர்கிற செடிக்கு இங்கே தனியாகத் தண்ணீர்க்குழாய் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி கோபம் ஏறியது. காகிதப்பூவை முதலில் பறித்தது அந்தப் பிரெஞ்சுக்காரிதான் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதன் தாவரவியல் பெயர் யாருடையது? அவள் போன கப்பலின் தலைவனுடையது. கப்பல் ஓட்டினவனுக்குப் பூ, பூப் பறித்தவளுக்கு ஒன்றும் கிடையாது.

மறுநாள் காலை ஃப்ரீவேயில் இதைத்தான் பர்வீனிடம் கத்திக்கொண்டே போனேன். பேராசிரியர், பதிவேடு, தாடி வைத்த வீராங்கனை, எல்லாம்.

"மேடம், கத்தாதீங்க, எக்ஸிட்ட விட்டுட்டேன்" என்றாள் பர்வீன். விட்ட வழியைப் பிடிக்க இன்னும் பத்து மைல் ஓட்டினோம். நம் ஊரில் என்றால் டிரைவர் தலையை வெளியே நீட்டி நாலு பேரைத் திட்டிவிட்டு அங்கேயே திருப்பியிருப்பார்.

ஹெர்பேரியத்தின் பொறுப்பாளர் கேரல் என்ற பெண்மணி. என் வயதுதான் இருக்கும், கழுத்தில் கயிற்றில் கண்ணாடி தொங்கியது. நாங்கள் வருவதைப் பர்வீன் முன்னாலேயே போனில் சொல்லிவைத்திருந்தாள். "சண்முகத்தைப் பற்றித் தகவல் கொண்டுவந்திருக்கிறீர்களாமே?" என்றார்.

"சண்முகத்தையே கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன்.

நான் சொல்லச் சொல்ல அவர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். இடையில் ஒருமுறை என் கையைப் பிடித்தார். சண்டை போடுவதற்கென்று விமானத்தில் இங்கிலீஷில் தயார் பண்ணிவைத்த வாக்கியங்கள் எல்லாம் வீணாயின. பழைய லேபிளை யாரும் தொடக்கூடாது, ஆனால் பக்கத்தில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டலாம், யார் திருத்தினார், எதை வைத்துத் திருத்தினார் என்று அதில் எழுத வேண்டும் என்றார். நோட்டை எடுத்து வைத்தேன். செடி எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தன.

முதல் தாளைக் கொண்டுவந்து வைத்தார். காய்ந்த இலைகள் அப்படியே இருந்தன. லேபிளில் எஸ். சண்முகம். எழுதியது யார்? நானேதான். இருபத்திநான்கு வயதில் என் குண்டுகுண்டு எழுத்து. அவர் சொன்னார், நான் எழுதினேன். என் கையாலேயே என்னைப் பாதியாக வெட்டியிருக்கிறேன். அதற்கும் சேர்த்து அந்த மனுஷன்மேல் ஆத்திரமாக வந்தது. திருத்தச் சீட்டில் சண்முகவடிவு என்று எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தினேன். பர்வீன் போட்டோ எடுத்தாள்.

"பிற்காலத்தில் உங்கள் பெயரிலேயே வந்த தாள்களும் இருக்கின்றன. அதில் ஒன்று இங்கே ரொம்பப் பிரசித்தம்" என்று கேரல் இன்னொரு கோப்பைக் கொண்டுவந்தார். ஈரப்பாறையில் ஒட்டி வளர்கிற காட்டுக் காசித்தும்பை ஒன்று. விரல் உயரம்கூட இருக்காது. அந்த இனத்தில் அவர்களிடம் இருப்பது அது ஒன்றுதானாம். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாம். "இந்தச் சின்னச் செடியால்தான் உங்கள் பெயர் எனக்குத் தெரியும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லேபிளில் எஸ். சண்முகவடிவு மற்றும் குழுவினர் என்று இருந்தது.

பின்னாலிருந்து பர்வீன் எட்டிப் பார்த்தாள். "மேடம், இது என் செடி" என்றாள்.

"என்ன உன் செடி?"

"நான் பறிச்சது மேடம். உங்களுக்கு முட்டி வீங்கி நீங்க ஜீப்ல இருந்தீங்க. நானும் செல்வியும்தான் மேல போனோம். டிபன் பாக்ஸுக்குள்ள ஈரத்துணி போட்டு வச்சிக் கொண்டாந்து குடுத்தேன். நீங்க பாத்துட்டு என் தலையில கை வச்சீங்க."

குழுவினர் என்று போடுவதுதான் வழக்கம் என்றேன். கல்லூரியில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள், பிள்ளைகள் பெயரை எல்லாம் எழுத லேபிளில் இடம் ஏது என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஆமா மேடம், வழக்கம்தான்" என்றாள். அவளுக்குக் கோபமே இல்லை. "ஆனா அடுத்த வருஷம் பசங்கள மட்டும் கூட்டிட்டுப் போனீங்க. பொம்பளப் பிள்ளைங்க வந்தா பொறுப்பு ஜாஸ்தின்னு சொன்னீங்க. நான் வாப்பாட்ட அழுது பெர்மிஷன் வாங்கி வச்சிருந்தேன். அப்புறம் என்ன செய்ய, எம்.சி.ஏ.க்கு அப்ளை பண்ணிட்டேன்."

ஓடை தாண்டிப் பெண்கள் போனதற்கு வனத்துறை வாட்சர் முணுமுணுத்தார், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், எனக்கு வேறு வழி தெரியவில்லை. இதெல்லாம் வாய்வரை வந்தது. "அப்பவே ஏன் சொல்லல?" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

"நீங்க உங்க சார்ட்ட சொன்னீங்களே மேடம். என்ன ஆச்சு?"

தமிழ் தெரியாத கேரல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதாவது பிரச்சினையா என்றார். ஆமாம், இதற்கும் ஒரு சீட்டு வேண்டும் என்றேன். பர்வீன் என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் மேடம். நான் இப்ப சிப் டெஸ்ட் பண்றேன். எனக்கு எதுக்கு இது?" நான் கையை உதறிவிட்டு அவள் பெயரை எழுதினேன். அவள் குனிந்து அதைப் படித்தாள். "அப்ப செல்வி பேரையும் போடுங்க. அவ என் காலைப் பிடிச்சிக்கலைன்னா நான் விழுந்திருப்பேன்" என்றாள். செல்வியையும் எழுதினேன்.

எதை வைத்துத் திருத்துகிறீர்கள் என்று எழுத வேண்டுமே என்றார் கேரல். இந்தத் தடவை நோட்டு இல்லை. செல்வியைத் தவிர வேறு யாரும் கூட இருந்து பார்க்கவும் இல்லை. பறித்த இடத்தைச் சொல்ல முடியுமா என்று பர்வீனிடம் கேட்டார். இருபது வருடத்துக்கு மேல் சிப்பைத் தவிர வேறெதையும் பார்க்காத பெண் ஒரு நொடி தயங்காமல் சொன்னாள். அருவிக்கு இடது பக்கம், ஒற்றைப் பலாமரம் தாண்டி, துருத்தி நிற்கும் பாறைக்கு அடியில், வெயிலே படாத இடம். குப்புறப் படுத்துத்தான் எட்ட முடிந்தது. இலைக்கு அடிப்பக்கம் ஊதா, காய்ந்ததும் அந்த நிறம் போய்விட்டது. மொத்தம் ஒன்பது செடி, இரண்டைத்தான் எடுத்தாள், மற்றதை விட்டுவிட்டாள். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி.

கேரல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் திரும்பினார். உங்கள் நினைவிலும் அந்த இடம் இப்படித்தான் இருக்கிறதா என்று கேட்டார்.

"அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை" என்றேன்.

அதையும் எழுதிவிடட்டுமா என்றார்.

எழுதுங்கள் என்றேன்.